அமெரிக்கப் பேய்த் தொடர்களில் எழுத்தாளரே தயாரிப்பாளராகவும் இருப்பது ஏன்?

ஒரு தொடரின் கதையையும் தயாரிப்பையும் சேர்த்து நடத்துகிறவரை அமெரிக்காவில் ‘ஷோரன்னர்’ என்பார்கள். பெரும்பாலும் எழுத்தாளராகத் தொடங்கியவர்தான் அவர்.

சேரா கேம்பிளை எடுத்துக்கொள்வோம். அண்ணனும் தம்பியும் பேய் வேட்டையாடும் ‘சூப்பர்நேச்சுரல்’ 2005-இல் தொடங்கியபோது அவர் எழுத்தாளர் குழுவில் ஒருவர். தொடரை உருவாக்கிய எரிக் கிரிப்கி ஐந்தாவது சீசனோடு பொறுப்பை விட்டதும், ஆறாவது, ஏழாவது சீசன்களை நடத்தியது இவர்தான். அப்புறம் ஜான் மெக்நமாராவுடன் சேர்ந்து ‘தி மெஜீஷியன்ஸ்’ தொடரை உருவாக்கினார்.

ஏன் எழுத்தாளர் கையில்? ஒரு எபிசோட் படப்பிடிப்பில் இருக்கும்போதே அடுத்தது எழுதப்பட்டுக்கொண்டிருக்கும். இயக்குநர்களோ எபிசோடுக்கு எபிசோட் மாறுவார்கள். உப்பைக் கண்டால் பேய் அண்டாது என்று ஆரம்பத்தில் சொல்லிவிட்டுப் பிறகு மறந்தால் ரசிகர்கள் சும்மா விடுவார்களா? பூதத்தை முழுசாகக் காட்டுவதா, நிழலோடு நிறுத்துவதா என்பதும் வெறும் கதை முடிவு அல்ல, செலவுக் கணக்கு. கல்யாண வீட்டுத் தலைமைச் சமையல்காரர் மாதிரிதான்: மளிகைப் பட்டியல் போடுவதும் அவர், சாம்பாரில் உப்பு பார்ப்பதும் அவர்.

நம் சினிமாவைப் போல, தயாரிப்பாளர் என்றதும் பணம் போட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே பணம் பெரும்பாலும் ஸ்டுடியோவுடையது, அந்தப் பட்டம் எழுத்தாளருக்குக் கிடைக்கும் பதவி உயர்வு.