கதவு ஸ்பீக்கர் கரகரத்தால் முதலில் கதவைப் பாருங்கள்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். வேலைக்காகத் தினமும் புதுச்சேரி போய் வருகிறேன். ஏழு வருடம் ஓடிய ஹேட்ச்பேக் கார். முன்பக்க இடது கதவு ஸ்பீக்கர் சில மாதங்களாகக் கரகரவென்கிறது, பாஸ் வரும்போது கிழிந்த துணி மாதிரி சத்தம். 2024 ஃபெங்கல் புயல் மழையில் கார் முழங்கால் தண்ணீரில் ஒரு ராத்திரி நின்றது, உள்ளே தண்ணீர் வரவில்லை. கம்பெனி ஸ்பீக்கருக்குப் பதில் வெளியில் '300 வாட்ஸ்' போடலாம் என்கிறார் கடைக்காரர். போடலாமா? ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா? நானே மாட்ட முடியுமா?

பதில்: போடலாம், நீங்களே மாட்டலாம். ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு அரை மணி நேரம் செலவழியுங்கள். நம் கடலோரத்தில் ஸ்பீக்கர் சாவதற்குப் பாதிக் காரணம் கதவுக்குள்ளேயே இருக்கும். அதை விட்டுவிட்டுப் புதுசு மாட்டினால் அடுத்த ஐப்பசி மழைக்கு அதுவும் கரகரக்கும்.

முதலில் செட்டில் (காரின் மியூசிக் சிஸ்டம்) பேலன்ஸை முழுக்க இடதுக்கும், ஃபேடரை முழுக்க முன்னுக்கும் தள்ளிவிட்டுக் குறைந்த வால்யூமில் பாட்டு போடுங்கள். கரகரக்கும்போது கதவின் உள்பக்க மூடியான டோர் பேடை உள்ளங்கையால் அழுத்துங்கள். சத்தம் நின்றால் ஸ்பீக்கர் மேல் பழி போடாதீர்கள். தளர்ந்த க்ளிப்தான் ஆடுகிறது. டோர் பாக்கெட்டில் கிடக்கும் சில்லறையையும் எடுத்துவிட்டுக் கேளுங்கள். சிரிக்காதீர்கள், 'ஸ்பீக்கர் போச்சு' என்று வந்த காரில் ஐந்து ரூபாய்க் காசை எடுத்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

சத்தம் நிற்கவில்லை என்றால் டோர் பேடைக் கழற்ற வேண்டும். கண்ணாடியை முழுக்கக் கீழே இறக்கிவிட்டு, சாவியை எடுத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் விடுங்கள். சில மாடல்களில் கதவுக்குள் ஏர்பேக் சென்சார் இருக்கும். ஸ்பீக்கருடையது தவிர வேறு ஏதாவது கப்ளர் (வயர்களைச் சேர்க்கும் ப்ளக்) கழன்றிருக்கும்போது சாவியைத் திருப்பக் கூடாது. கைப்பிடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூவைத் தேடி எடுத்த பிறகே பேடை இழுங்கள். பாதிப் பேர் அங்கேதான் உடைக்கிறார்கள். ஸ்பீக்கர் ஸ்க்ரூவில் இருந்தால் சுலபம். ரிவெட் அடித்திருந்தால் ட்ரில் வைத்துத் தலையை எடுக்க வேண்டும். இரும்புத் தூள் மேக்னட்டில் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஸ்பீக்கர் கையில். கப்ளரைக் கழற்றி மல்டிமீட்டரை ஓம்ஸில் வையுங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் 3.2 முதல் 3.8 வரை காட்டும். எதுவுமே காட்டவில்லை என்றால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருளான காயில் அறுந்துவிட்டது. ஆனால் சரியாகக் காட்டினாலும் நல்ல ஸ்பீக்கர் என்று அர்த்தமில்லை. இரண்டு கட்டைவிரலையும் கோனின் (முன்னால் அதிரும் கூம்பு) எதிரெதிர்ப் பக்கம் வைத்து மெதுவாக, சமமாக உள்ளே அழுத்துங்கள். மணலில் உரசுவது போல விரலில் தெரிந்தால் காயில் உரசுகிறது, அதற்கு வைத்தியம் இல்லை. இன்னும் சந்தேகம் இருந்தால் வலது கதவு ஸ்பீக்கரைக் கழற்றி இடது வயரில் மாட்டி, மற்றக் கப்ளர்களையும் பேட்டரியையும் சேர்த்த பிறகு பாட்டு போட்டுப் பாருங்கள். அதுவும் கரகரத்தால் கோளாறு வயரிலோ செட்டிலோ இருக்கிறது. கதவுக்கும் பாடிக்கும் நடுவே ரப்பர் குழாய்க்குள் போகும் வயர் வருடக்கணக்காக மடங்கி நிமிர்ந்து அறுவது உண்டு.

உங்கள் கதையைப் பார்த்தால் ஸ்பீக்கர்தான் என்று நினைக்கிறேன். முழங்கால் தண்ணீர் என்றால் கதவின் அடிப்பகுதி மூழ்கியிருக்கும், காருக்குள் தண்ணீர் வராவிட்டாலும். இப்படி நனைந்த ஒரு ஸ்பீக்கரைக் கழற்றியபோது பேப்பர் கோனின் கீழ்ப்பாதி நமத்த அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. வயர் சேரும் டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாய்ப் பொடி பூத்திருந்தது. மேக்னட்டைச் சுற்றித் துரு.

வெள்ளமே வராவிட்டாலும் கதவுக்குள் தண்ணீர் போகும் என்பது பலருக்குத் தெரியாது. கண்ணாடியில் வழிகிற தண்ணீர் ரப்பர் பட்டியைத் தாண்டிக் கதவுக்குள் இறங்கி, அடியில் உள்ள ஓட்டை வழியாக வெளியே போகும். அப்படித்தான் கதவைச் செய்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் டோர் பேடுக்கு வராமல் தடுப்பது தகரத்தில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட். பவர் விண்டோ வேலை பார்த்தவர் அதைக் கிழித்துவிட்டு அப்படியே மூடியிருந்தாலோ, அடி ஓட்டைகள் மண்ணால் அடைபட்டிருந்தாலோ ஸ்பீக்கருக்கு ஆயுள் குறைவு. தேவனாம்பட்டினம் பக்கம் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே அடி ஓட்டைகளைக் குச்சியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். ஷீட்டை பியூட்டைல் டேப் (பிசின் மாதிரி ஒட்டும் ரப்பர் டேப்) வைத்து ஒட்டுங்கள். புளித்த காடி வாசம் வரும் மலிவு சிலிக்கான் வேண்டாம். காயும்போது அதிலிருந்து வரும் அமிலம் டெர்மினலின் செம்பை அரிக்கும்.

இனி எதை வாங்குவது. 300 வாட்ஸ் என்பது பெட்டிக்கு மேல் இருக்கும் விளம்பரம். கம்பெனி செட்டில் '50 வாட்ஸ் x 4' என்று போட்டிருந்தாலும், எஞ்சின் ஓடும்போது கிடைக்கும் 14.4 வோல்ட்டை வைத்துக்கொண்டு 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகக் கொடுக்க முடிவது சுமார் 20 வாட்ஸ்தான். ஆம்ப்ளிஃபயர் வைக்காதவர் 300 வாட்ஸ் வாங்குவது, ஒரு குடம் தண்ணீர் வரும் குழாய்க்கு அடியில் அண்டா வைப்பது போல. பெட்டியில் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் வாட்ஸ்) எவ்வளவு, சென்சிடிவிட்டி (ஒரே வாட்ஸில் எவ்வளவு சத்தம் தரும்) எத்தனை டெசிபல் என்று பாருங்கள். 88 டெசிபல் ஸ்பீக்கர் தரும் சத்தத்தை 91 டெசிபல் ஸ்பீக்கர் பாதி வாட்ஸில் தந்துவிடும். உங்களுக்குத் தேவை அதுதான். ஓமில் பழசு காட்டியதற்கு ஏற்றதையே வாங்குங்கள். 4 ஓம் செட்டில் 2 ஓம் மாட்டினால் செட் சூடேறும்.

பழைய ஸ்பீக்கரைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். 6.5 இன்ச் என்று எல்லாரும் சொன்னாலும் ஸ்க்ரூ ஓட்டையும் ஆழமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கம்பெனி ஸ்பீக்கரின் பிளாஸ்டிக் கூடையே இடைவெளி கொடுக்கும் ஸ்பேசர் வேலையையும் செய்துகொண்டிருக்கும். புதிதை நேராகத் தகரத்தில் மாட்டினால் மேக்னட் உள்ளே நீண்டு, கண்ணாடி இறங்கும்போது இடிக்கும். கண்ணாடி இறங்கிய நிலையில் தகரத்திலிருந்து அதுவரை உள்ள இடைவெளியை அளந்து வைத்துக்கொண்டு, அதற்கேற்ற ஸ்பேசர் ரிங்கோடு வாங்குங்கள். பிளாஸ்டிக் ரிங் கேளுங்கள். ப்ளைவுட், எம்டிஎஃப் ரிங் நம் ஈரத்தில் ஊறிப் புடைக்கும். கப்ளர் அடாப்டரும் சேர்த்துக் கேட்டால் கம்பெனி வயரை வெட்ட வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் மாற்ற வேண்டாம். இடதில் புதிய குரல், வலதில் பழைய குரல் என்றால் பாடகர் ஒரு பக்கமாகவே நிற்பார். முன்பக்கம் இரண்டையும் மாற்றுங்கள், பின்பக்கத்தைத் தொடாதீர்கள்.

மாட்டும்போது பிளஸ், மைனஸ் மாறினால் எதுவும் எரியாது. ஆனால் ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்க, பாஸ் காணாமல் போகும். பாடகர் குரலிலும் இடம் தெரியாத மிதப்பு இருக்கும். 1.5 வோல்ட் பேனா பேட்டரியை ஒரு நொடி ஸ்பீக்கரில் தொட்டுப் பாருங்கள். பிளஸ்ஸில் பிளஸ் பட்டால் கோன் வெளியே வரும். ஸ்பீக்கருக்கும் ரிங்குக்கும், ரிங்குக்கும் தகரத்துக்கும் நடுவே ஃபோம் டேப் சுற்றுங்கள். முன்பக்கக் காற்றும் பின்பக்கக் காற்றும் கலந்தால் எவ்வளவு நல்ல ஸ்பீக்கரும் சோப்பு டப்பா மாதிரிதான் பாடும்.

எல்லாக் கப்ளரையும் மாட்டி, பேட்டரியைச் சேர்த்த பிறகு, பேடைப் பூட்டும் முன்பே கண்ணாடியை இரண்டு தடவை ஏற்றி இறக்குங்கள். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டு வெளியிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, ஷீட்டுக்கு இந்தப் பக்கம் ஈரம் வருகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். டோர் பேட் க்ளிப் நாலைந்து கூடுதலாக வாங்கி வையுங்கள், பழசில் ஒன்றிரண்டு கட்டாயம் உடையும்.