சாபமும் சீதன வீடும்

அன்புள்ள அக்கா,

நான் இலங்கையில், மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடி. பதின்வயதினருக்காக ஓர் அமானுஷ்யக் காதல் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகிக்கு 17 வயது. அவளுடைய அப்பாவின் பாட்டனார் பெயர்போன மந்திரவாதி. அவர் ஒரு பெண்ணை ஏமாற்ற, அவள் மண்ணள்ளித் தூற்றிச் சாபமிடுகிறாள். அதிலிருந்து அந்தக் குடும்பத்துப் பெண்கள் யாரை விரும்பினாலும் அவன் உயிரோடு இருப்பதில்லை. நாயகிக்குப் பாட்டனாரின் சக்தி பிறவியிலேயே வந்திருக்கிறது. பக்கத்து ஊரிலிருந்து ஒருவன் வருகிறான், கதை தொடங்குகிறது. முதல் மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.

வாசித்த தோழி "இங்கிலீஷ் படம் பார்த்த மாதிரி இருக்குகா" என்றாள். பாராட்டா, திட்டா என்று விளங்கவில்லை. சூனியத்தைப் பற்றி எழுதினால் மூடநம்பிக்கையைப் பரப்புவதாகும் என்கிறார் மாமா. இதை நம் ஊர்க் கதையாக எப்படி மாற்றுவது? சாபத்தைக் கடைசியில் எப்படி உடைப்பது?

சு.

அன்புள்ள தங்கச்சி,

தோழி சொன்னது பாராட்டில்லை. ஆனால் பிழை எங்கே இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. வாவி, தோணி, கல்லடிப் பாலம், வைகாசிச் சடங்கு என்று ஊர்ச் சாமான் எல்லாம் உங்கள் அத்தியாயங்களில் நிறையவே இருக்கிறது. குடும்பம்தான் நம் ஊர்க் குடும்பமாக இல்லை.

சாபம் அப்பாவின் பாட்டனாரிடமிருந்து நாயகிக்கு வருகிறது என்கிறீர்கள். எந்த வழியால் வருகிறது? வெளியூர் வாசகர்களுக்காகவும் சொல்கிறேன்: மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் குடி, அதாவது குலப்பிரிவு, தாய்வழியாக வருவது. தமிழரிடம் மட்டுமல்ல, முஸ்லிம்களிடமும் அப்படித்தான். ஒரே குடிக்காரர் அண்ணன் தங்கை முறை, அவர்களுக்குள் கலியாணம் பேசுவதில்லை. இந்தப் பக்கத்து முக்குவர் சமூகத்தின் பழைய வழமையில் ஓர் ஆணின் முதுசச் சொத்து அவன் பெற்ற பிள்ளைக்குப் போகாமல் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போனது. உங்கள் மந்திரவாதியின் சொந்தப் பிள்ளைகள் அவருடைய குடி இல்லை, அவர் மனைவியின் குடி. ஏமாற்றப்பட்ட பெண் "உன் குடி விளங்காமல் போகட்டும்" என்று சாபம் போட்டிருந்தால், அது அவர் பிள்ளைகளைத் தொடாது. நேரே அவருடைய தங்கச்சி வீட்டு வாசலில் போய் நிற்கும்.

இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஏனென்றால் இப்போது உங்களிடம் இரண்டு வீடுகள் இருக்கின்றன. சாபம் தங்கச்சியின் வழியில், மகள், பேத்தி, பூட்டி என்று இறங்கிவருகிறது. மந்திர ஏடோ வேறு இடத்தில் இருக்கிறது. மந்திரவாதி கலியாணம் கட்டி மனைவி வீட்டில்தான் வாழ்ந்திருப்பார், அங்கேதான் செத்திருப்பார். ஏட்டுக்கட்டும் அந்த வீட்டுக் கூரை வளையில்தான் சொருகிக் கிடக்கும். நாயகியைத் தங்கச்சி வழியில் பிறக்க வையுங்கள். பக்கத்து ஊர்ப் பையனை மந்திரவாதியின் மகள் வழியில் பிறக்க வையுங்கள். நோய் ஒரு வீட்டிலும் மருந்து மற்ற வீட்டிலுமாக இருக்கும். முறை பார்த்தாலும் பிசகில்லை. அண்ணன் தங்கையின் பிள்ளைகள் மச்சான் மச்சாள், இரண்டு பக்கமும் பெண்வழியாகவே இறங்கினால் அதே தலைமுறையில் வருகிறவர்களும் மச்சான் மச்சாளே. ஊரில் எந்தப் பெரியவரும் "நல்ல பொருத்தம்" என்று சொல்லிவிடுவார். காதலைத் தடுக்க வில்லன் தேவையில்லை. எல்லோரும் சந்தோசமாகச் சம்மதிக்கிறார்கள், விசயம் தெரிந்த ஒரே ஆளான பெத்தாவை, அந்த வீட்டுப் பாட்டியை, தவிர. இதைவிடப் பயங்கரமான சம்மதம் உண்டா?

செய்தவனை விட்டுவிட்டுச் செய்யாதவளைப் பிடிக்கும் சாபம் நமக்குப் புதிதும் அல்ல. சிலப்பதிகாரத்தில் கட்டுரை காதையை ஒருமுறை வாசியுங்கள். முற்பிறப்பில் பரதன் என்ற பெயரோடு இருந்த கோவலன், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்ல வைக்கிறான். சங்கமனின் மனைவி நீலி 14 நாள் அலைந்து, மலையேறி, சாபமிட்டு உயிரை விடுகிறாள். அந்தச் சாபத்துக்குக் கோவலன் உயிரைக் கொடுத்தான், சரி. கண்ணகி என்ன செய்தாள்?

அடுத்தது வீடு. நீங்கள் எழுதியிருக்கும் அந்தப் பழைய பெரிய வீடு "அப்பாவின் பரம்பரை வீடு" என்று இருக்கிறது. நம் பக்கம் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போவது. மூத்தவள் கலியாணம் முடித்தால் தாய் தகப்பன் அந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, அடுத்தவளுக்கென்று அதே வளவில் இன்னொன்று கட்டுவார்கள். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வருகிறவர். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் வருடக்கணக்காகத் தங்கி எழுதிவைத்த விசயம் இது. நமக்கு வீட்டு விசயம் என்பதால் அதில் கதை இருப்பதே கண்ணில் படுவதில்லை. மேற்கத்தியப் பேய்க்கதைகளில் பயந்த புதுப்பெண் கணவனின் மாளிகைக்குள் நுழைவாள். எந்த அறையைத் திறக்கக்கூடாது என்று அவளுக்குத்தான் சொல்வார்கள். இங்கே நுழைகிறவன் ஆண். அவனுக்கு முன்னே அந்த வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைகளின் படங்கள் சுவரில் மாலையோடு தொங்குகின்றன. இந்தக் காட்சியை எழுதாமல் எங்கேயோ காட்டுக்குள் போய் ஓநாயோடு மல்லுக்கட்டுகிறீர்கள். ஓநாய் நம் காட்டில் இல்லை, தங்கச்சி.

"மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள்" என்று யாழ்ப்பாணத்தில் ஒரு பேச்சு இருந்தது தெரியும்தானே. கிழக்கில் பெண்ணெடுத்தவன் திரும்பி வரவில்லை, ஆகவே ஏதோ வசியம் செய்துவிட்டார்கள் என்பது கணக்கு. அவன் மாமியார் கொடுத்த வீட்டில், வயலும் மாடும் பார்த்துக்கொண்டு சுகமாக இருந்திருப்பான். சீதன வழக்கத்தை வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது மந்திரமாகத் தெரிந்திருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். உங்கள் பையனின் நண்பன் ஒருவன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தால் இதைப் பகிடியாகச் சொல்லட்டும். நாயகிக்கு அந்தப் பகிடி சுடவேண்டும்.

ஏன் சுடவேண்டும் என்றால், மந்திர ஏடுகள் சொல்லும் எட்டு வகை மந்திரச் செயல்களான அட்டகர்மத்தில் வசியமும் மோகனமும் மாரணமும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. மனத்தைக் கட்டுவதும் உயிரை எடுப்பதும் ஒரே படிப்பு. ஏட்டைப் படித்துவிட்ட ஒருத்தியை ஒருவன் விரும்பினால், அது அவன் மனமா, தான் திரும்பத் திரும்பச் சொல்லி உருவேற்றிய மந்திரமா என்று அவள் எப்படி அறிவாள்? அவன் சாவானோ என்ற பயத்தைவிட இது ஆழமான பயம். 17 வயது வாசகிக்கு உடனே பிடிபடும்.

"படித்துவிட்ட" என்றுதான் சொன்னேன். பிறவிச் சக்தியை எடுத்துவிடுங்கள். 1692 இல் அமெரிக்காவின் சேலத்தில் சூனியக்காரர் என்று தீர்த்து 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். அந்த வழியில் பிறந்தவளாக நாயகியை வைப்பது அங்கே வழக்கம், அதற்குப் பின்னால் ஒரு வரலாறு நிற்கிறது. இங்கே மந்திரம் இரத்தத்தில் வருவதில்லை. குரு வேண்டும், உரு ஏற்ற வேண்டும், பத்தியம் காக்க வேண்டும். பெரும்பாலும் ஆண்களே படித்தார்கள். ஒரு பெண்பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்ற கேள்வியே உங்களுக்கு ஐந்து அத்தியாயம் தரும்.

இனி, கொஞ்சம் கவனமாகச் சொல்லவேண்டிய ஒன்று. "இந்த வீட்டுக்கு வந்த ஆண்கள் மிஞ்சுவதில்லை" என்ற வரியை மட்டக்களப்பில் வைத்து எழுதினால், வாசிக்கிறவர் மனம் போர்க்காலத்து 1990 க்குப் போகும். கூட்டிக்கொண்டு போனவர்கள் திரும்பாத வீடுகள் எத்தனை. பிறகு 2004 டிசம்பர் 26, சுனாமி. அந்த வீட்டுப் பெண்களைப் பார்த்து "ராசியில்லாதவள்" என்று சொன்ன வாய்களும் இதே ஊரில்தான் இருந்தன. நீங்கள் கதையை எந்த வருடத்தில் வைத்தாலும் இது கூடவே வரும். பெத்தா எதைச் சாபம் என்கிறாள், எதை அப்படிச் சொல்ல மறுக்கிறாள் என்று முடிவெடுத்துவிட்டு எழுதுங்கள். உண்மையான சாவுகளுக்கு மந்திரவாதியைக் காரணம் காட்டிவிடாதீர்கள். அங்கே மட்டும் நான் கோபப்படுவேன்.

மாமாவுக்குப் பதில் சிறியது. கதைக்குள் சூனியம் வரலாம். ஆனால் இரண்டாம் அத்தியாயத்தில் நாயகி நித்திரையில்லாமல், சாப்பிடாமல் கிடக்கும்போது கழிப்புக் கழித்து நூல் கட்டியதும் எழும்பி நடக்கிறாள். அந்த இடத்தில் ஒருவராவது "ஆசுபத்திரிக்குக் கொண்டுபோவமா?" என்று கேட்கட்டும். உங்கள் வாசகிகளில் அப்படிக் கிடக்கிற பிள்ளைகளும் இருப்பார்கள்.

முடிவுக்கு வருவோம். சாபத்தை உடைக்க வேண்டாம் என்பது என் யோசனை. மூலத்தைக் கண்டுபிடித்து, நெருப்பு மூட்டி, வென்றுவிடுவது வேறு ஊர் முறை. மதுரையை எரித்தவளின் கோபத்தை இந்தக் கரையில் என்ன செய்தார்கள்? யாரும் அவளை வெல்லவில்லை. வைகாசியில் கோயில் கதவு திறந்து, கண்ணகி கதையான வழக்குரை படித்து, கடைசியில் குளுத்தி பாடிக் குளிரவைத்தார்கள். தம்பிலுவிலிலும் காரைதீவிலும் இன்றும் நடக்கிறது. அடுத்த வருடம் திரும்பவும் செய்யவேண்டும், அதுதான் விசேசம். உங்கள் நாயகியும் சாபத்தோடு அப்படி ஒரு ஒப்பந்தத்துக்கு வரலாம். வருடாவருடம் அவள் கொடுக்கவேண்டியது என்ன என்பதைக் கண்டுபிடித்தால் நாவல் முடிந்தது. பதிப்பாளர் இரண்டாம் பாகம் கேட்டாலும் தயார்.

அப்புறம் சின்ன விசயம். களுவாஞ்சிகுடிப் பையன் யாரும் "நான் உன்னை நேசிக்கிறேன்" என்று சொல்லமாட்டான். பௌர்ணமி இரவு, பாலத்தடியில் தோணி, பாடும் மீன் என்று மூன்றையும் ஒரே பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். மீன் பாடட்டும். அவர்கள் இரண்டு பேரும் அதைக் கவனிக்காமல், ஏட்டுக்கட்டை வளையிலிருந்து எப்படி இறக்குவது என்று சண்டை பிடிக்கட்டும்.