கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை: முதலில் எங்கே தேடுவது?

"இணையத்தில் தேடினால் நூற்றுக்கணக்கில் வருகிறது, எதற்கு விண்ணப்பிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். தேடலை இணையத்தில் தொடங்காதீர்கள் என்பேன். சேரப்போகும் கல்லூரியின் நிதியுதவிப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். துறை அலுவலகத்திலும் தனியாகக் கேளுங்கள். முன்னாள் மாணவர்கள் ஏற்படுத்திய சின்னச் சின்ன தொகைகள் பல நேரம் துறை அறிவிப்புப் பலகையைத் தாண்டி வெளியே வருவதில்லை. போட்டியும் குறைவு. அப்புறம் அரசுத் திட்டங்கள், பெற்றோர் வேலை பார்க்கும் நிறுவனம், தொழிற்சங்கம்.

சரி, இவ்வளவு உதவி தருகிறோம் என்று கல்லூரியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு சந்தோஷப்பட வேண்டாம். மதிப்பெண்ணுக்குத் தரும் உதவித்தொகையையும் வருமானம் பார்த்துத் தரும் மானியத்தையும் பொதுவாகத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை; கடன் அப்படியல்ல. சில கல்லூரிகள் மூன்றையும் கூட்டி 'மொத்த உதவி' என்று பெரிய எண்ணாகக் காட்டும். கடனைக் கழித்துவிட்டுப் பாருங்கள். முதல் வருடத்துக்கு மட்டுமா, தொடர எவ்வளவு மதிப்பெண் வேண்டும் என்பதையும் பாருங்கள். வெளியிலிருந்து தொகை கிடைத்தால் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும் கல்லூரிகளும் உண்டு, முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

விண்ணப்பத்தில் உங்களைப் பற்றி எழுதச் சொல்லும் கட்டுரையை "சிறு வயதிலிருந்தே எனக்கு ஆர்வம்" என்று ஆரம்பிக்காதீர்கள், படிப்பவருக்கு அலுத்துப்போன வரி அது. வீட்டு வானொலியைப் பிரித்துப்போட்டு, திருகாணி ஒன்று மிச்சமாகி நின்ற கதையைச் சொல்லுங்கள், மனதில் நிற்கும். பரிந்துரைக் கடிதத்துக்கு ஆசிரியரிடம் மூன்று வாரம் முன்பே சொல்லிவையுங்கள். 'நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள், தொகையை விடுவிக்கக் கட்டணம் கட்டுங்கள்' என்று வந்தால் மோசடிதான், பதிலே போடாதீர்கள்.