சொந்த விமானத்தையே சுட்டுவிடுவது எப்படி? வான்போர் கேள்வி பதில்

வான்போரில் நடக்கும் ஃபிரெண்ட்லி ஃபயர், அதாவது நம்மவரையே நாம் தவறுதலாகச் சுட்டுவிடுவது, பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் விமானி இல்லை. வெளியான விசாரணை அறிக்கைகளை விடாமல் படிக்கிறவன், அவ்வளவுதான்.

சார், இத்தனை ராடார் இருந்தும் எது நம்ம விமானம், எது எதிரி விமானம் என்று தெரியாதா?

ராடாரில் தெரிவது ஒரு புள்ளி. எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம், என்ன வேகம் என்று அது சொல்லும். யாருடையது என்று சொல்லாது. அதற்காகத்தான் ஐ.எஃப்.எஃப். என்ற கருவி. தரையிலிருந்தோ இன்னொரு விமானத்திலிருந்தோ ரகசியக் குறியீட்டில் ஒரு கேள்வி போகும். நம் விமானத்தில் உள்ள கருவி அதற்குத் தானாகவே பதில் அனுப்பும்.

இருட்டில் வாசலில் நிற்பவரிடம் “யாரது?” என்று கேட்பது போலத்தான் இது. தெரிந்த குரலில் பதில் வந்தால் நம்மவர். பதில் வராவிட்டால்? திருடனாகவும் இருக்கலாம், காது கேட்காத பெரியப்பாவாகவும் இருக்கலாம். ஐ.எஃப்.எஃப். நண்பனை மட்டுமே உறுதி செய்யும், எதிரியை உறுதி செய்யாது. நான் படித்த அறிக்கைகளில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் சறுக்கியிருக்கின்றன. பதில் வராததையே ஆதாரமாக எடுத்துக்கொண்டு சுட்டிருக்கிறார்கள்.

அப்படியென்றால் அதை எப்போதும் போட்டே வைத்திருக்கலாமே? ஏன் அணைக்கிறார்கள்?

பதில் அனுப்புவதும் ஒரு வானொலி அலைதானே! எதிரிக்கும் கேட்கும். வியட்நாம் போரில் அமெரிக்கர்கள் எஃப்-4 விமானங்கள் சிலவற்றில் ‘காம்பாட் ட்ரீ’ என்ற கருவியைப் பொருத்தினார்கள். வட வியட்நாமின் மிக் விமானங்களில் இருந்த ஐ.எஃப்.எஃப்.பையே கேள்வி கேட்டுப் பதில் சொல்ல வைத்து, கண்ணுக்குத் தெரியாத தூரத்திலேயே “இது மிக்” என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தப் பயம் எல்லா விமானப் படைக்கும் உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் போகும்போது அணைப்பது நியாயம்தான். திரும்பி வரும்போது மறக்காமல் போட வேண்டும், அதுதான் சிக்கல்.

அபிநந்தன் விமானம் விழுந்த அதே நாளில் நம் ஹெலிகாப்டரை நாமே சுட்டோம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 2019 பிப்ரவரி 27. முந்தைய நாள் பாலகோட் தாக்குதல். மறுநாள் காலை பாகிஸ்தான் விமானங்கள் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு வந்தன, வானில் மோதல் நடந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஸ்ரீநகரிலிருந்து கிளம்பியிருந்த நம் எம்.ஐ.-17 வி5 ஹெலிகாப்டர், தரையிலிருந்து ஏவிய நம்முடைய ஸ்பைடர் ஏவுகணை தாக்கி பட்காமில் விழுந்தது. விமானப் படையினர் 6 பேரும் கீழே இருந்த பொதுமக்களில் ஒருவரும் இறந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில், அப்போதைய விமானப் படைத் தளபதி பதவ்ரியா, இது நம் ஏவுகணைதான், பெரிய தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஹெலிகாப்டரின் ஐ.எஃப்.எஃப். அணைந்திருந்தது என்று விசாரணை பற்றிய செய்திகளில் வந்தது. ஆனால் அதை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது. தளத்துக்குப் பக்கத்தில், மெதுவாக, தாழ்வாகப் பறக்கும் ஒன்று நம் ஹெலிகாப்டராக இருக்கலாமே என்ற கேள்வியைக் கேட்க வேண்டியது தரையில் இருப்பவர்கள் பொறுப்பு.

வானத்திலேயே பறந்து கண்காணிக்கும் அவாக்ஸ் விமானம் மேலே இருந்தால் இப்படி நடக்காது, சரிதானே அண்ணா?

இல்லை தம்பி. 1994 ஏப்ரல் 14 நிகழ்ச்சியைப் பாருங்கள். வட ஈராக்கில் குர்து மக்களைப் பாதுகாக்க அமைத்த, பிற விமானங்கள் பறக்கத் தடை உள்ள பகுதி. மேலே அமெரிக்க அவாக்ஸ். நல்ல வெளிச்சம். போர் எதுவும் நடக்கவில்லை. இரண்டு அமெரிக்க எஃப்-15 விமானங்கள் இரண்டு அமெரிக்க பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்களைச் சுட்டு வீழ்த்தின. 26 பேர் இறந்தார்கள். அமெரிக்கர்களோடு பிரிட்டன், பிரான்ஸ், துருக்கி அதிகாரிகளும் குர்துகளும் அதில் இருந்தார்கள்.

எப்படி நடந்தது என்றால், காலையில் முதலில் அந்தப் பகுதிக்குள் நுழைவது போர் விமானங்கள்தான் என்பது விதி. ஹெலிகாப்டர்களுக்கு அதில் விலக்கு கொடுப்பது வழக்கமாகிவிட்டிருந்தது. எஃப்-15 விமானிகளுக்கு அது தெரியாது. தங்களுக்கு முன்னால் யாரும் உள்ளே இல்லை என்றே நினைத்தார்கள். ஹெலிகாப்டர்களின் ஐ.எஃப்.எஃப்.பில் இருந்தது அந்தப் பகுதிக்கு வெளியே பயன்படுத்த வேண்டிய குறியீடு. வேறு முறையில் கேட்டபோதும் நிலையான பதில் கிடைக்கவில்லை. வானொலியிலும் இரு தரப்பும் வேறு வேறு அலைவரிசை. அவாக்ஸில் இருந்தவர்களில் சிலருக்கு ஹெலிகாப்டர் போனது தெரியும். ஆனால் எஃப்-15 “இங்கே ஏதோ தெரிகிறது” என்று முதலில் சொன்னபோது, அவாக்ஸிலிருந்து வந்த பதில் ‘எங்கள் திரையில் அங்கே ஒன்றும் இல்லை’ என்ற பொருளில் இருந்தது. ராடாரில் முதலில் தெரிந்ததிலிருந்து சுட்டு முடித்தது வரை சுமார் 8 நிமிடம்.

கண்ணால் பார்த்துவிட்டுத்தானே சுட்டார்கள்? கொடிகூடத் தெரியாதா?

பார்த்தார்கள். வேகமாக, மேலிருந்து, ஒரு முறை. அந்த பிளாக் ஹாக்குகளில் பக்கவாட்டில் கூடுதல் எரிபொருள் தொட்டிகள் மாட்டியிருந்தன. பின்னாலிருந்து பார்க்கையில் ரஷ்ய ஹைண்ட் ஹெலிகாப்டரின் குட்டை இறக்கை மாதிரி தெரிந்திருக்கிறது. அமெரிக்கக் கொடி வரைந்துதான் இருந்தது. அந்த வேகத்தில், பச்சை மலைப் பின்னணியில், எதிரியைத் தேடிப் போகும் கண்ணுக்கு அது படவில்லை. இரண்டாவது விமானியும் தனியாக அடையாளம் கண்டு உறுதி சொல்லவில்லை. முன்னவர் சரியாகப் பார்த்திருப்பார் என்று இவர் நினைத்தார், இவரும் ஒத்துக்கொண்டார் என்று அவர் நினைத்தார். கடைசியில் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டவர் அவாக்ஸ் அதிகாரி ஒருவர் மட்டுமே. அவரும் விடுதலையானார். அது சரியா என்று கேட்டால், எனக்கு இன்றுவரை உறுத்தல்தான்.

மனிதனை நம்புவதைவிட எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிடம் விட்டுவிடலாமே?

2003 ஈராக் போரில் பேட்ரியட் என்ற அமெரிக்க வான்பாதுகாப்பு ஏவுகணை அமைப்பு கிட்டத்தட்ட அப்படித்தான் இயங்கியது. மார்ச் 23 அன்று தாக்குதல் முடித்துக் குவைத் தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் டொர்னேடோ போர் விமானத்தை அது வீழ்த்தியது. அதில் இருந்த இருவரும் பலி. ராடாரைத் தேடி வரும் ஏவுகணை என்று விமானத்தைக் கணினி வகைப்படுத்தியிருந்தது. அதற்கான வரையறை மிகத் தளர்வாக இருந்ததால், கீழே இறங்கி வரும் விமானமும் அதற்குள் பொருந்திவிட்டது. டொர்னேடோவின் ஐ.எஃப்.எஃப். பழுதாகியிருக்கலாம் என்று விசாரணைக் குழு சொன்னது. பேட்ரியட் குழுவுக்கு முடிவெடுக்கக் கிடைத்தது ஏறக்குறைய ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் திரை சொல்வதை மறுத்துப் பேச எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? ஏப்ரல் 2 அன்று அமெரிக்கக் கடற்படையின் எஃப்-18 ஒன்றும் இதே பேட்ரியட்டால் விழுந்தது. இடையில் ஓர் அமெரிக்க எஃப்-16, தன்னைக் குறிவைத்த பேட்ரியட் ராடார் மீதே ஏவுகணை விட்டதும் நடந்தது. நல்லவேளை, அதில் உயிர்ச்சேதம் இல்லை.

‘சிச்சுவேஷனல் அவேர்னஸ்’ என்று எல்லாரும் சொல்கிறார்களே, அது பயிற்சியால் வருமா?

ஓரளவு வரும். மிக்கா எண்ட்ஸ்லி என்ற ஆய்வாளர் அதை மூன்று படியாகப் பிரித்தார்: சுற்றி இருப்பதைக் கவனிப்பது, அதற்கு என்ன அர்த்தம் என்று புரிந்துகொள்வது, அடுத்து என்ன ஆகும் என்று ஊகிப்பது. 1994-இல் கண்ணில் பட்டது, ஆனால் அர்த்தம் தவறாகப் போனது. விமானிக்கு மட்டும் தெளிவு இருந்தால் போதாது. அவாக்ஸ், தரை, ஹெலிகாப்டர் எல்லார் தலையிலும் ஒரே படம் இருக்க வேண்டும். லிங்க்-16 மாதிரி டேட்டா லிங்க், அதாவது விமானங்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும் வானொலி வலை, நண்பர்களின் இடத்தைத் திரையிலேயே காட்டுவதால் பெரிய உதவி. அந்த வலையில் சேராத விமானம் மட்டும் மறுபடி வெறும் புள்ளிதான்.

ஒழுங்காக நடந்த போர் ஏதாவது உண்டா?

1991 வளைகுடாப் போர். கூட்டணி விமானங்களில் ஒன்றுகூட இன்னொரு கூட்டணி விமானத்தால் வீழவில்லை. அவாக்ஸ் உறுதி, எஃப்-15 ராடாரே எதிரே வரும் எஞ்சின் விசிறிகளின் எதிரொலியை வைத்து ரகம் சொல்லும் நுட்பம் என்று பல சோதனைகளைத் தாண்டித்தான் சுட்டார்கள். வானத்தில் ஈராக் விமானங்கள் குறைவாக இருந்ததும் ஒரு காரணம், அதை மறைக்கக் கூடாது. தரையில் கதை வேறு, அங்கே சொந்தத் தாக்குதலில் இறந்தவர்கள் நிறைய.

சமீபத்தில் செங்கடலில் என்ன நடந்தது?

2024 டிசம்பர் 22 அதிகாலை, கெட்டிஸ்பர்க் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல், ட்ரூமன் விமானந்தாங்கிக் கப்பலின் எஃப்-18 ஒன்றைச் சுட்டது. விமானத்தில் இருந்த இருவரும் குதித்து உயிர் தப்பினார்கள். அதற்குச் சற்று முன்பு வரை அமெரிக்கக் கப்பல்கள் யேமனின் ஹூதி கிளர்ச்சியாளர்களின் டிரோன்களையும் ஏவுகணையையும் எதிர்கொண்டிருந்தன.

இதை மற்றவற்றோடு சேர்த்துப் பாருங்கள். 1943 ஜூலை 11 இரவு சிசிலியில், ஜெர்மானிய விமானத் தாக்குதல் முடிந்த கையோடு அமெரிக்க பாராசூட் வீரர்களை ஏற்றிய 144 சி-47 விமானங்கள் வந்தன. சொந்தக் கப்பல்களும் கரையிலிருந்த பீரங்கிகளும் 23 விமானங்களை வீழ்த்தின. 1982 ஃபாக்லாந்து போரில், அடிபட்டு, தங்கள் வசம் இருந்த ஸ்டான்லி நகரில் இறங்க வந்த அர்ஜென்டினாவின் மிராஜ் போர் விமானத்தை அர்ஜென்டினா பீரங்கியே வீழ்த்தியது. டொர்னேடோ திரும்பிக்கொண்டிருந்தது. பட்காமும் தளத்துக்குப் பக்கம்தான். எதிரி வந்துபோன சூடு ஆறுவதற்குள் வீட்டு வாசலுக்கு வரும் விமானத்துக்குத்தான் ஆபத்து அதிகம் என்பது என் கணிப்பு. 1994 மட்டும் இதில் சேராது.

டி-டே (1944-இல் நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கிய நாள்) படங்களில் விமானங்களில் கறுப்பு வெள்ளைப் பட்டை இருக்கிறதே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு. சிசிலியில் பட்ட அடிதான் காரணம். அத்தனை ஆயிரம் விமானங்களுக்கு ஐ.எஃப்.எஃப். தாங்காது என்று கணித்து, இறக்கையிலும் உடலிலும் பட்டை தீட்டச் சொன்னார்கள். ரகசியம் வெளியே போய்விடக் கூடாதென்று உத்தரவு கடைசி நாட்களில்தான் போனது. அவசரத்தில் பிரஷ்ஷால் பூசியதால் பல விமானங்களில் கோடு கோணலாக இருக்கும்.