பி.காம். முடித்த மகளுக்கு ஷிப்பிங் ஆபீஸ் வேலை: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

வணக்கம் அம்மா,

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. ஏற்றுமதியாளர்களின் சரக்கை அனுப்பிவைக்கும் தூத்துக்குடி ஃபார்வர்டிங் அலுவலகம் ஒன்றில் டாகுமெண்டேஷன் (ஆவணங்கள் தயாரிக்கும்) வேலை கிடைத்திருக்கிறதே, மகளை அனுப்பலாமா? எல்லாவற்றையும் கம்ப்யூட்டரும் ஏ.ஐ.யும் செய்யும் காலத்தில் இந்த வேலை நிலைக்குமா? முதல் கேள்விக்கு, சிலவற்றை விசாரித்துவிட்டு அனுப்பலாம் என்பதே என் பதில். இரண்டாவதைச் சொல்ல, அந்த மேசையில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

திருப்பூரில் தைத்த பனியன் பெட்டிகள் கண்டெய்னரில் ஏறித் தூத்துக்குடி வருகின்றன. அங்கிருந்து பெரும்பாலும் ஃபீடர் எனப்படும் சிறிய கப்பலில் கொழும்பு போய், பெரிய கப்பலுக்கு மாறி ஐரோப்பா போகின்றன. (1906-இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியும் இந்தத் தூத்துக்குடி–கொழும்புத் தடத்தில்தான் கப்பல் விட்டது.) சரக்கு கடலில் போய்க்கொண்டிருக்கும்போதே அதைப் பற்றிய தகவலைச் சுங்கத்துறை, கப்பல் கம்பெனி, இரண்டு நாட்டு வங்கிகள், வாங்குபவர் என ஐந்தாறு பேர் அவரவர் திரையில் பார்க்கிறார்கள். ஒருவர் திரையில் இருப்பது இன்னொருவர் திரையில் இருப்பதோடு ஒத்துப்போகாவிட்டால் சரக்கு நிற்கும், அல்லது பணம் நிற்கும். ஒத்துப்போக வைப்பதுதான் உங்கள் மகளின் வேலை.

கண்டெய்னர் எண்ணையே எடுத்துக்கொள்வோம். நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் தனியாக ஒரு சரிபார்ப்பு இலக்கம். சி.எஸ்.கியூ.யு. 305438 என்ற எண்ணுக்குக் கடைசி இலக்கம் 3. எழுத்துகளுக்கு உரிய மதிப்பையும் இலக்கங்களையும் வரிசையாக 1, 2, 4, 8 என்று இரட்டித்துப் போகும் எண்களால் பெருக்கிக் கூட்டினால் 6185 வரும். அதை 11-ஆல் வகுத்தால் மீதி 3. யாராவது அவசரத்தில் 304538 என்று மாற்றி அடித்தால் மீதி 1 ஆகிவிடும், கணினி உடனே ஏற்க மறுக்கும். இப்படிப்பட்ட பிழையைப் பிடிக்க ஆள் தேவையில்லை. வெறும் தட்டச்சு வேலைக்கு எதிர்காலம் இல்லை என்ற உங்கள் பயம் இந்த அளவில் சரிதான்.

ஆனால் கணினியால் எளிதில் பிடிக்க முடியாத பிழைகள் இருக்கின்றன. பருத்திப் பின்னல் டி-ஷர்ட்டுக்குச் சுங்க வகைப்பாட்டு எண் 6109 10 00. அதே துணியில் காலரும் முன்பக்கப் பொத்தானும் வைத்த ஆண்கள் சட்டை 6105-க்குப் போய்விடும். பின்னல் துணியாக இல்லாமல் தறியில் நெய்த துணியாக இருந்தால் 61-ஆம் அத்தியாயத்தையே விட்டு 62-க்குப் போக வேண்டும். தொழிற்சாலை காலர் வைத்ததையும் வைக்காததையும் ‘டி-ஷர்ட்’ என்றே இன்வாய்ஸில் எழுதி அனுப்பும். எண் தவறினால் ஏற்றுமதி செய்ததற்காக நமக்குத் திரும்பக் கிடைக்க வேண்டிய வரித்தொகை (டியூட்டி டிராபேக்) தவறும், அங்கே வாங்குபவர் கட்டும் வரியும் தவறும். படத்தைக் கேட்டு வாங்கி, ‘அண்ணா, இதில் காலர் இருக்கிறதே?’ என்று மில்லுக்குப் போன் போடுகிற பெண்ணுக்கு வேலை போகாது.

அளவுக் கணக்கும் அப்படித்தான். 60×40×40 செ.மீ. பெட்டி ஒன்று 0.096 கன மீட்டர். இருபதடி கண்டெய்னரின் உள்ளளவு ஏறக்குறைய 33 கன மீட்டர் என்றாலும், அடுக்கும்போது விழும் இடைவெளி போக 27, 28-தான் கணக்கு. அதாவது சுமார் 280 பெட்டி. அதே பெட்டியை விமானத்தில் அனுப்பினால் நீள, அகல, உயரத்தைப் பெருக்கி 6000-ஆல் வகுப்பார்கள். 16 கிலோ வரும். தராசில் 9 கிலோதான் இருந்தாலும் 16 கிலோவுக்குத்தான் கட்டணம். இதை முன்கூட்டிச் சொல்லாத ஃபார்வர்டரிடம் ஏற்றுமதியாளர் இரண்டாம் முறை வரமாட்டார்.

பணம் நிற்பது பெரும்பாலும் எல்.சி.யில் (லெட்டர் ஆஃப் கிரெடிட்). வாங்குபவரின் வங்கி தரும் உறுதிமொழி அது. எல்.சி.க்கு வங்கிகள் பின்பற்றும் சர்வதேச விதித்தொகுப்பான யு.சி.பி. 600-இன்படி, வேறு கெடு சொல்லப்படாவிட்டால் சரக்கு ஏறிய 21 நாளுக்குள், எல்.சி. காலாவதி ஆவதற்கும் முன்பு, ஆவணங்கள் வங்கிக்குப் போய்விட வேண்டும். வங்கி ஐந்து வேலை நாளில் சரிபார்க்கும். இன்வாய்ஸில் உள்ள சரக்கு விவரம் எல்.சி.யில் உள்ளதோடு பொருந்த வேண்டும். மற்ற ஆவணங்களில் பொதுப்பெயர் இருக்கலாம், முரண்படக் கூடாது. சரக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் பி.எல். (சரக்கு ஏறியதற்குக் கப்பல் கம்பெனி தரும் ஆவணம்) தேதி எல்.சி. சொன்ன கடைசி ஏற்றுமதித் தேதிக்கு ஒரு நாள் பிந்தியிருக்கும். அது போதும், வாங்குபவர் விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேச.

இன்னொரு ஆபத்து மின்னஞ்சலில் வரும். ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் செலுத்தவும்’ என்று பழகிய பெயரிலிருந்தே மெயில் வரும். முகவரியில் ஒரே ஒரு எழுத்து வேறாக இருக்கும். அந்த மெயிலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, ஏற்கெனவே தன்னிடம் உள்ள எண்ணில் அழைத்துக் கேட்காமல் கணக்கை மாற்றக் கூடாது. இதை முதல் வாரத்திலேயே பழகிக்கொள்ளச் சொல்லுங்கள்.

உலகம் நெருங்க நெருங்க இடைஞ்சலும் சீக்கிரம் வந்து சேர்கிறது. 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் குறுக்கே நின்றது. 2017 ஜூனில் கணினித் தாக்குதலில் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் துறைமுக முனையங்கள் பல திணறின. 2023 கடைசியில் செங்கடல் தாக்குதல்கள் தொடங்கிய பிறகு கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனதால் பயணம் பத்து நாளுக்கும் மேல் நீண்டது. அந்த நாட்களில் எந்தச் சரக்கை விமானத்தில் மாற்றுவது, எந்த எல்.சி.க்குத் திருத்தம் கேட்பது என்று சொல்லத் தெரிந்தவர்களைத்தான் அலுவலகங்கள் தேடின.

மேலே போக வழி உண்டா? உண்டு. ஏற்றுமதியாளர் சார்பில் சுங்கத்துறை வேலைகளை முடித்துத் தரும் சுங்கத் தரகர் நிறுவனத்தில் +2 தகுதியிலேயே எச் அட்டையோடு (ஊழியருக்கான சுங்கத்துறை அடையாள அட்டை) சேரலாம். சுங்கத்துறைத் தேர்வில் தேறினால் அடுத்த படியான ஜி அட்டை. அதோடு அனுபவமும் பட்டமும் சேர்ந்தால் தரகர் உரிமத் தேர்வு வரை போகலாம். எனவே, சேரும் இடத்துக்குச் சுங்கத் தரகர் உரிமம் உண்டா, ஜி அட்டைத் தேர்வுக்கு அனுப்புவார்களா என்று சேருமுன்பே மகளைக் கேட்கச் சொல்லுங்கள். ஃபார்வர்டிங் மட்டும் செய்யும் இடமென்றால் அந்தப் படி அங்கே கிடையாது. மேற்படிப்பு வேண்டுமானால் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு எம்.பி.ஏ. படிக்கலாம், இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் சென்னையிலேயே இருக்கிறது, ஐ.ஐ.எஃப்.டி. (இந்திய வெளிநாட்டு வர்த்தக நிறுவனம்) டெல்லியில். வேலை உத்தரவாதம் என்று விளம்பரம் செய்யும் மூன்று மாத ‘எக்ஸ்போர்ட் இம்போர்ட் டிப்ளமோ’க்களுக்குப் பணம் கட்டாதீர்கள். உண்மையான ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்காகச் சுங்கத்துறைக்குத் தரும் படிவம்) ஒன்றைக்கூடக் காட்டாமல் முடித்துவிடுவார்கள்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், நீங்கள் கேட்கத் தயங்கியிருப்பீர்கள். ஹாம்பர்க்கில் காலை 9 மணி என்றால் இங்கே கோடையில் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. நியூயார்க்கின் காலை 9 இங்கே மாலை 6.30 அல்லது 7.30. அமெரிக்க வாடிக்கையாளர்களைப் பார்க்கும் மேசையானால் வீடு திரும்ப இரவாகும். கப்பலின் கட்-ஆஃப் (சரக்கையும் ஆவணத்தையும் ஒப்படைக்கும் கடைசி நேரம்) ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஞாயிறும் வேலைதான். எந்த மேசை, இரவில் வண்டி உண்டா, ஞாயிறு வேலைக்கு மாற்று விடுப்பு உண்டா என்ற மூன்றையும் ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுமுன் மகளையே கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் போன் செய்து கேட்க வேண்டாம்.