ஓடிக்கொண்டிருக்கும் பாகத்தை மாற்றலாமா? பழைய பெல்லட் அடுப்பு: கேள்வி பதில்

கேள்வி (நாகர்கோவில், நேந்திரங்காய் சிப்ஸ் கடை): மூடப்பட்ட ஓர் உணவகத்திலிருந்து பெல்லட் அடுப்பு ஒன்றை வாங்கினேன்; மரத்தூள், உமி போன்றவற்றை அழுத்திச் செய்த சிறு உருளைகளை (பெல்லட்) எரிப்பது. எல்லாம் ஓடுகிறது. ஆனாலும் புளோயர் (காற்று ஊதும் விசிறி), திருகு மோட்டார் (தொட்டியிலிருந்து பெல்லட்டைத் தள்ளும் திருகைச் சுற்றுவது), எரிகலம் (பெல்லட் எரியும் துளைத் தகட்டுக் கலம்) மூன்றையும் இப்போதே மாற்றிவிடச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா, அண்ணாச்சி?

பதில்: மூன்றையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். ஓடுகிற பாகத்தை மாற்றுவதா என்பதை அதன் வயதை வைத்து முடிவு செய்யக் கூடாது; கெடுவதற்கு முன் அது அறிகுறி காட்டுமா, கெட்டால் அடுப்பு மட்டும் நிற்குமா, ஆளுக்கே ஆபத்து வருமா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். புளோயரின் பேரிங் பெரும்பாலும் சத்தம் போட்டு எச்சரித்த பிறகே நிற்கும். மின்சாரத்தைத் துண்டித்து விசிறியைக் கையால் சுழற்றுங்கள். சீராகச் சுற்றி மெல்ல நின்றால் விட்டுவிடலாம், கரகரத்தாலோ தண்டு பக்கவாட்டில் ஆடினாலோ பேரிங்கை மட்டும் மாற்றினால் போதும். விசிறி இதழ்களில் எண்ணெய்ப் புகையும் தூசியும் அப்பியிருந்தால் முதலில் சுரண்டி எடுங்கள், ஏனெனில் பாரம் ஒரு பக்கம் சாய்ந்த விசிறிதான் நல்ல பேரிங்கையும் தின்றுவிடுகிறது.

திருகு மோட்டார் ஓடும்போது கிளாம்ப் மீட்டர் (ஒயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியரைத் தாண்டினால் உடனே மோட்டாரைக் குறை சொல்ல வேண்டாம். குழாயினுள் பெல்லட் பொடி இறுகிப்போய்த் திருகை அமுக்கிக்கொண்டிருப்பதுதான் பெரும்பாலும் காரணம்.

எரிகலத்தை இருட்டறையில் வைத்து உள்ளே விளக்கைப் போடுங்கள். கீழ்த்துளைகள் வழியாகப் போகும் காற்று பெல்லட்டை எரிக்கிறது. மேல்துளைகள் வழியாக வரும் காற்று, அதிலிருந்து கிளம்பும் வாயுவை எரிக்கிறது. துளைகள் அடைத்திருந்தால் குத்தித் திறந்தால் சரியாகும். ஆனால் துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டாலோ, திருப்புளியால் அழுத்தும்போது தகடு செதில் செதிலாக உதிர்ந்தாலோ, இன்று நன்றாக எரிந்தாலும் மாற்றியே ஆக வேண்டும். உங்கள் கடையில் கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி அதன்மேல்தான் உட்காரப் போகிறது.

கேள்வி (குளச்சல், தேநீர்க் கடை): புளோயரின் கூடு முழுவதும் துரு. காற்று மட்டும் நன்றாக வருகிறது.

பதில்: கூட்டின் துருவைத் தேய்த்து வண்ணம் பூசினால் தீர்ந்தது. என் கவலை, கண்ணுக்குத் தெரியாத மின் இணைப்புகளைப் பற்றியது. உப்புக்காற்றில் முனைகள் பச்சைக் களிம்பு பிடித்துச் சூடாகும். அவை கெடும்வரை காத்திராமல், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு வெட்டிப் புதிதாக முறுக்குங்கள், எர்த் இணைப்பையும் சோதியுங்கள். விசிறி மோட்டார் சுழல உதவும் கெப்பாசிட்டரையும் மாற்றலாம். அது தளர்ந்தால் விசிறி மெதுவாகும், காற்றுக் குறைந்து புகை வரும், நீங்களோ பெல்லட் விற்றவரிடம் சண்டைக்குப் போவீர்கள். புதியதில் மைக்ரோஃபாரட் அளவு பழையதுபோலவே இருக்க வேண்டும். வோல்ட் அளவு அதைவிடக் குறையக் கூடாது.

கேள்வி (குலசேகரம், சிற்றுண்டிக் கடை): பெல்லட் கொட்டும் தொட்டியின் மூடியில் இடுக்கை அடைக்கும் கேஸ்கட் கயிறு தட்டையாகிவிட்டது. புகை ஏதும் வரவில்லை. அப்படியே விடலாமா, ஐயா?

பதில்: விடக் கூடாது. மூடியிடுக்கில் ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வழுக்கி வந்தால் அந்த இடத்தில் காற்று நுழைகிறது. அப்படி நுழைந்தால் நெருப்பு திருகுக் குழாய் வழியாகப் பின்னோக்கி ஏறித் தொட்டிப் பெல்லட்டைப் பற்றும் வாய்ப்பு உண்டு. இது முன்கூட்டி அறிகுறி காட்டாமலே நடக்கலாம். எரியறைக் கதவின் கேஸ்கட்டையும் அதே நோட்டால் சோதியுங்கள், ஏனெனில் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

கேள்வி (மார்த்தாண்டம், சமையல் ஒப்பந்தக்காரர்): பெல்லட் எரியும் அடித்தட்டியில் சாம்பல் கண்ணாடிபோல் கட்டி பிடிக்கிறது. புதுத் தட்டி போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது. தட்டி உடைந்தோ வளைந்தோ இல்லையென்றால் அதைத் தொடவே வேண்டாம், நீங்கள் போடும் எரிபொருளைப் பாருங்கள். உமி பெல்லட்டில் சாம்பல் ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதம். தேங்காய் மட்டை கலந்த பெல்லட்டில் பொட்டாசியமும் குளோரினும் மிகுதி. பொட்டாசியம் சாம்பலை உருக்கிக் கட்டியாக்கும், குளோரின் தகட்டை அரிக்கும். பசையோ பெயின்ட்டோ கலக்காத ரப்பர் மரத்தூள் பெல்லட் நம் மாவட்டத்துக்கு வசதியானது, சாம்பலும் குறைவு. முந்திரி ஓட்டைக் கலக்காதீர்கள்; அதன் எண்ணெய்ப் புகை கண்ணையும் தொண்டையையும் அரிக்கும், குழாயிலும் பிசினாய்ப் படியும். இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் நம்முடையது என்பதால், மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகைமேல் அடுக்குங்கள்.

கேள்வி (தக்கலை, உணவகம்): விசிறியையும் திருகையும் இயக்கும் கண்ட்ரோலர் போர்டு பழையது. முன்னெச்சரிக்கையாக மாற்றிவிடவா?

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு ஜோடி பேரிங், ஒரு கெப்பாசிட்டர், சில அடி கேஸ்கட் கயிறு வாங்கி வையுங்கள். போர்டின் ஒயர்கள் எங்கெங்கே போகின்றன என்பதை மட்டும் இன்றைக்கே கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.