கலங்கல் பாயும்போது கருவி எங்கே இருக்க வேண்டும்?

கேள்வி: கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்றில் வண்டல் கலந்த நீர் பாய்வதை ஓராண்டுக்கு அளக்கத் திட்டமிட்டிருக்கிறோம். கையில் இருப்பது ஏடிசிபி எனும் டாப்ளர் நீரோட்டமானி (ஒலியை அனுப்பி, திரும்பும் எதிரொலியிலிருந்து நீரின் வேகத்தை அளக்கும் கருவி) ஒன்றுதான். அதை முக்காலியில் பொருத்தித் தரையில் வைக்கலாமா? வண்டலின் அளவையும் அதிலிருந்தே கணக்கிட முடியுமா?

பதில்: முக்காலி வேண்டாம். கலிஃபோர்னியாவை ஒட்டிய மான்டரே பள்ளத்தாக்கில் 2015 அக்டோபர் முதல் 18 மாதம் நடந்த ஆய்வில், 800 கிலோ எடையுள்ள கருவிச் சட்டம் ஒன்றையே ஓட்டம் பல கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போனது. அங்கே பாய்ந்தது வெறும் கலங்கல் நீர் அல்ல. அடியில் மணல் செறிந்த கனமான படலம் ஒன்றும் சேர்ந்து நகர்ந்திருக்கிறது. அதன் வழியில் எதை வைத்தாலும் அதுவும் வண்டலோடு வண்டல்தான்.

எனவே நங்கூரத்திலிருந்து மேலெழும் கம்பியில், தரைக்குப் பல பத்து மீட்டர் மேலே, கீழ்நோக்கிப் பார்க்கும்படி கருவியைக் கட்டுங்கள். இதற்கும் ஒரு விலை உண்டு. ஏடிசிபியின் ஒலிக்கற்றைகள் சாய்வாகப் போகின்றன. பக்கவாட்டில் கசியும் ஒலியோ நேராகக் கீழே இறங்கித் தரையில் பட்டு முந்தித் திரும்பிவிடும். அந்த எதிரொலி தரையையொட்டிய அளவீட்டை மூழ்கடித்துவிடும். கற்றையின் சாய்வு 20 பாகை என்றால் உயரத்தில் சுமார் 6% வீண். அதாவது 60 மீட்டரில் தொங்கும் கருவிக்குக் கடைசி 3.6 மீட்டர் குருடு. மணல் செறிந்த படலம் ஓடுவதும் அங்கேதான். ஆகவே தரவைப் பார்த்துவிட்டு ‘அடியில் வேகம் குறைவு’ என்று எழுதிவிடாதீர்கள்; அங்கே உங்களிடம் அளவீடே இல்லை. கருவியைத் தாழ்த்தினால் குருட்டுப் பகுதி சுருங்கும், ஆனால் கம்பியை நிமிர்த்திப் பிடிக்கும் மிதவைகளும் ஓட்டத்தில் சிக்கிக் கம்பி சாயும். அழுத்தமானியும் சாய்வுப் பதிவும் இல்லாமல் இறக்க வேண்டாம்.

பதிவு இடைவெளியில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். ஓட்டத்தின் தலைப்பகுதி சில நிமிடங்களில் கடந்துவிடும், உச்ச வேகம் பெரும்பாலும் அங்கேதான். அரை மணி நேரச் சராசரியில் அது கரைந்து போகும். பேட்டரி போதாது என்றால் காலத்தைக் குறையுங்கள்.

வண்டலின் அளவைப் பொறுத்தவரை, எதிரொலியின் வலிமையை மட்டும் நம்பினால் ஏமாற்றமே. கொஞ்சம் மணலும் நிறையச் சேறும் ஒரே எதிரொலியைத் தரக்கூடும். வண்டல் மிகுந்தால் ஒலியே உறிஞ்சப்பட்டு, செறிவு கூடக்கூட எதிரொலி குறையும் விபரீதமும் நடக்கும். அதே கம்பியில், விழும் வண்டலைப் பிடித்துவைக்கும் வண்டல் பொறி ஒன்றைக் கட்டுங்கள். அதில் விழுந்த வண்டல் துகள்களின் பருமன் தெரிந்தால்தான் உங்கள் கணக்குக்கு அர்த்தம் வரும். முடிந்தால் வேறு அதிர்வெண்ணில் இன்னொரு கருவி.

இரண்டாவது கம்பி இறக்க வழி இருந்தால் முதலில் இரு கருவிகளின் கடிகாரங்களையும் சரிபாருங்கள்; ஓட்டம் இரண்டையும் அடையும் நேர வித்தியாசத்திலிருந்துதான் வேகம் கிடைக்கும். 10 கிலோமீட்டர் இடைவெளியை விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வரும் ஓட்டம் 33 நிமிடத்தில் கடக்கும். கடிகாரத்தில் 3 நிமிடப் பிழை இருந்தால் வேகத்தில் 9% போச்சு. 1929இல் கனடாவை ஒட்டிய கிராண்ட் பேங்க்ஸ் கடற்பகுதியில் நேர்ந்த நிலநடுக்கத்துக்குப் பின் கடலடித் தந்திக் கம்பிகள் வரிசையாக அறுந்த நேரங்களை வைத்துத்தான், 1952இல் கடலடி ஆய்வாளர்கள் ஹீசனும் யூயிங்கும் ஓட்டத்தின் வேகத்தையே கணக்கிட்டார்கள். ஏடிசிபி இல்லாத காலத்தில் அறுந்த கம்பியே கருவி!

உங்கள் கம்பியும் அறுபடலாம். 2020 ஜனவரியில் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டிய காங்கோ கடலடிப் பள்ளத்தாக்கில் 1,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய கலங்கல், வழியிலிருந்த கருவிக் கம்பிகளை அறுத்தெறிந்தது. அவை மேலே மிதந்து வந்த நேரங்களே, ஓட்டம் விநாடிக்கு 5.2 மீட்டரிலிருந்து 8 மீட்டர் வரை வேகமெடுத்ததைக் கணக்கிட உதவின. உச்சி மிதவையில் செயற்கைக்கோளுக்குச் சமிக்ஞை அனுப்பும் கருவி ஒன்றைக் கட்டாயம் பொருத்துங்கள். அதற்குப் பணம் ஒதுக்க வேறெதையாவது வெட்ட வேண்டியிருந்தால், தயங்காமல் வெட்டுங்கள்.